சிறுநீரகம் கொடுத்தால் விடுதலையா? உறுப்பு தானத்துக்கு வெகுமதி தரும் வழிகள், ஒரு ஒப்பீடு

2023 ஜனவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. சிறையில் இருப்பவர் எலும்பு மஜ்ஜையையோ உறுப்பையோ தானம் செய்தால், அவருடைய தண்டனையில் குறைந்தது 60 நாள், அதிகபட்சம் 365 நாள் கழித்துக்கொள்ளலாம் என்றது அது. எதிர்ப்பு கிளம்பியதும், நாள் கழிக்கும் பகுதியைக் கைவிடுவதாக அதைக் கொண்டுவந்தவர்களே சொல்லிவிட்டார்கள். 2007-ல் தெற்கு கரோலினாவில் இதேபோல 180 நாள் வரை குறைக்கலாம் என்று ஒரு யோசனை வந்து, அதுவும் நின்றுபோனது. அமெரிக்காவில் 1984-லேயே வந்த தேசிய உறுப்பு மாற்றுச் சட்டம், உறுப்புக்குக் கைமாறாக மதிப்புள்ள எதையும் தரக்கூடாது என்கிறது. மீறினால் 50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. சிறையிலிருந்து முன்கூட்டியே வெளியே வருவதும் அப்படி ஒரு கைமாறுதானே என்ற கேள்வியை இந்த மாதிரி மசோதாக்கள் எல்லாமே சந்திக்க வேண்டியிருக்கிறது.

இப்படி ஒரு யோசனையைக் கேட்டதும் முகம் சுளித்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் அமெரிக்காவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் உறுப்புக்காகக் காத்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு வேண்டியது சிறுநீரகம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் மணிக்கணக்கில் கிடந்து, அழைப்பு வருமா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, அது வராமலே இறந்துபோகிறவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக எதையாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களைக் கொடியவர்களாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வெகுமதி என்ற பேச்சே கூடாது என்று கதவைச் சாத்துவதும் சரியில்லை. வெகுமதிகளில் பல வகை உண்டு. எதை, யாருக்கு, யார் கையால் தருகிறோம் என்பதைப் பொறுத்து அவற்றின் நியாயம் தலைகீழாக மாறுகிறது.

அவற்றை ஒப்பிட எனக்கு இரண்டு கேள்விகள் போதும். முதலாவது, வெகுமதியை நீட்டுகிறவர், கொடையாளரின் வாழ்க்கையை வேறு எந்த வகையிலாவது தன் பிடியில் வைத்திருக்கிறாரா? இரண்டாவது, அந்த வெகுமதி ஒருவரைத் தன் உடல்நிலை பற்றிப் பொய் சொல்லத் தூண்டுமா? இரண்டாவது கேள்வி சின்னதாகத் தெரியலாம். உறுப்பு தானத்தில் அது உயிர் போகிற விஷயம்.

தண்டனை நாட்களைக் குறைப்பது

முதலில் இதற்கு ஆதரவான வாதத்தை அதன் முழு பலத்தோடு பார்ப்போம். கைதியும் மனிதர்தான், தன் உடலைப் பற்றி முடிவெடுக்க அவருக்கு உரிமை உண்டு. அவருக்கு முன்பு இல்லாத ஒரு வாய்ப்பு தரப்படுகிறது, பிடிக்காவிட்டால் மறுக்கலாம். நன்னடத்தைக்காகவும் வேலைக்காகவும் நாட்களைக் குறைப்பது ஏற்கெனவே நடக்கிறது. கலிபோர்னியாவில் காட்டுத்தீயை அணைக்கப் போகும் கைதிகளுக்குத் தண்டனை வேகமாகக் கழிகிறது. தீயணைப்பும் ஆபத்தான வேலைதான். பிரேசிலின் மத்தியச் சிறைகளில் 2012 முதல், ஒரு புத்தகத்தைப் படித்து அதைப் பற்றி எழுதிக் கொடுத்தால் 4 நாள் குறைகிறது, ஆண்டுக்கு 48 நாள் வரை. புத்தகம் படித்தால் நாள் குறையும், தீயணைத்தால் நாள் குறையும், ஓர் உயிரைக் காப்பாற்றினால் மட்டும் குறையாதா?

நல்ல கேள்வி. பதில் தண்டனை எதற்கு என்பதில் இருக்கிறது. ஒருவரை ஓராண்டு கூடுதலாக உள்ளே வைப்பதற்கு, சமூகத்தின் பாதுகாப்பு, அவர் திருந்துவது என்று ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும். படிப்பும் வேலையும் அந்தக் காரணத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளவை, அவர் வெளியே போய் வாழத் தயாராகிறார் என்பதற்கு அவை அடையாளம். சிறுநீரகம் அப்படி எதையும் காட்டுவதில்லை. அந்த 365 நாள் உண்மையிலேயே தேவை என்றால், ஒரு சிறுநீரகத்துக்காக அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. தேவையில்லை என்றால், சிறுநீரகம் கேட்காமலே அவரை அனுப்பிவிட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில், அரசு தேவையில்லாமல் பிடித்துவைத்திருக்கும் நாட்களை உடல் உறுப்புக்கு விற்கிறது என்ற நிலை மட்டும்தான் மிஞ்சுகிறது.

'பிடிக்காவிட்டால் மறுக்கலாம்' என்பதையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரே குற்றம், ஒரே தண்டனை பெற்ற இரண்டு பேர். ஒருவர் தானம் செய்து வெளியே போகிறார். இன்னொருவர் அறுவைக்குப் பயந்து மறுக்கிறார், அல்லது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி தொற்று இருப்பதால் மருத்துவர் அவரை நிராகரிக்கிறார். அவர் மேலும் ஓராண்டு உள்ளே இருக்கிறார். அந்த ஓராண்டுக்குக் காரணம் குற்றமா, உடலா? சிறைகளில் ஹெபடைடிஸ் சி, எச்ஐவி தொற்றுகள் வெளியே இருப்பதைவிட அதிகம். ஆகவே நோயாளிக் கைதிகள் கூடுதல் நாள் அடைபட்டிருப்பார்கள். எந்த நீதிபதியும் இப்படி ஒரு தண்டனையை எழுதமாட்டார்.

இதில் மருத்துவருக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. சிறுநீரக தானத்தில் அறுவையின்போதோ அதை ஒட்டியோ இறக்கும் வாய்ப்பு 10,000 பேருக்குச் சுமார் 1. பின்னாளில் மிச்சமிருக்கும் சிறுநீரகமும் செயலிழக்கும் வாய்ப்பு வாழ்நாள் கணக்கில் 10,000-க்குச் சுமார் 90 என்றும், தானம் செய்யாத, அதே அளவு ஆரோக்கியமானவர்களுக்கு அது சுமார் 14 என்றும் 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. சின்ன ஆபத்துதான், ஆனால் கொடையாளருக்கு மருத்துவ ரீதியாக எந்த நன்மையும் இல்லாத ஆபத்து. அதனால்தான் மருத்துவமனைகள் கொடையாளரைத் தனியே உட்காரவைத்துப் பேசுகின்றன. கடைசி நேரத்தில் மனம் மாறினால், 'மருத்துவக் காரணத்தால் இவர் பொருந்தவில்லை' என்று பொதுவாகச் சொல்லி, குடும்பத்தின் கோபத்திலிருந்து அவரைக் காப்பாற்றும் பழக்கமும் உண்டு. சிறையில் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. மருத்துவர் 'பொருந்தவில்லை' என்று எழுதும் அந்த நொடியில் கைதியின் விடுதலை நாளே தள்ளிப்போகிறது. பரிசோதனை அறிக்கையில் கையெழுத்திடுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, சிறைக் கதவின் சாவியைக் கையில் வைத்திருப்பவர் ஆகிவிடுகிறார்.

அப்புறம் பொய். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலச் சிறைகளில் கைதிகளிடம் பணம் கொடுத்து பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதி, எடுக்கும் திட்டம் 1994 வரை நடந்தது. சிறைவாசிக்கு அந்தச் சிறு தொகைகூடப் பெரிது. நோய்த்தொற்று உள்ளவர்களும் கொடுத்தார்கள், அவர்களை வடிகட்டும் வேலை சரியாக நடக்கவில்லை. அந்த பிளாஸ்மா கனடா உள்ளிட்ட நாடுகளுக்குப் போனது. இரத்த உறைவுக் குறைபாட்டுக்காக அதிலிருந்து செய்த மருந்தை எடுத்துக்கொண்டவர்களுக்கு ஹெபடைடிஸ் சி-யும் எச்ஐவி-யும் தொற்றின. இன்று பரிசோதனைகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன, உண்மை. ஆனாலும் அண்மைத் தொற்றைப் பரிசோதனை தவறவிடும் இடைவெளி இன்னும் இருக்கிறது. அதனால்தான் அமெரிக்காவின் 2020 வழிகாட்டுதல், கடந்த 30 நாட்களுக்குள் தொடர்ந்து 72 மணி நேரத்துக்கு மேல் சிறையில் இருந்தவரின் உறுப்பைத் தனியாகக் குறிப்பிட்டு, பெறுபவரிடம் சொல்லச் சொல்கிறது. மனச்சோர்வு, போதைப் பழக்கம், குடும்பத்தில் சிறுநீரக நோய் போன்றவற்றை எந்த இரத்தப் பரிசோதனையும் முழுதாகச் சொல்லிவிடாது. கொடையாளர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. ஓராண்டு விடுதலை எதிரில் இருக்கும்போது யார் வாய் திறப்பார்கள்?

மிசிசிப்பியில் நடந்ததைப் பாருங்கள். ஜேமி ஸ்காட், கிளாடிஸ் ஸ்காட் என்ற இரண்டு சகோதரிகள், சுமார் 11 டாலர் பறிபோன ஒரு வழிப்பறி வழக்கில் 1994-ல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றவர்கள். சிறையில் ஜேமிக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன, டயாலிசிஸ் செலவு மாநிலத்தின் தலையில் விழுந்தது. 2010 டிசம்பரில் ஆளுநர் இருவரின் தண்டனையையும் நிறுத்திவைத்தார். கிளாடிஸ் ஓராண்டுக்குள் தன் சிறுநீரகத்தை அக்காவுக்குத் தர வேண்டும் என்பது அவருடைய விடுதலைக்கு நிபந்தனை. தானம் செய்கிறேன் என்று முன்வந்தவர் கிளாடிஸ்தான். அவருடைய அன்பை யாரும் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் அன்போடு சொன்ன ஒன்றை அரசு நிபந்தனையாக எழுதியதும் அதன் குணம் மாறிவிட்டது. உடல் எடையைக் குறைத்தால்தான் அறுவை என்று பின்னால் மருத்துவர்கள் சொன்னார்கள், குறித்த காலத்துக்குள் அது நடக்கவில்லை. நல்லவேளையாக அதைக் காரணம் காட்டி யாரையும் திரும்ப அடைக்கவில்லை. 11 டாலருக்கு ஆயுள் தண்டனை அதிகம் என்று ஆளுநர் நினைத்திருந்தால், சிறுநீரகத்தைப் பற்றிப் பேசாமலே இருவரையும் விட்டிருக்கலாம்.

உறுப்பு தானம் இல்லாவிட்டாலும் இதே போக்கு வேறு இடத்தில் தலைகாட்டியிருக்கிறது. 2017-ல் டென்னசியில் ஒரு மாவட்ட நீதிபதி, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ளும் கைதிகளுக்கு 30 நாள் குறைப்பதாக உத்தரவிட்டார். சில மாதங்களில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, நீதிபதி பகிரங்கமாகக் கண்டிக்கப்பட்டார். உடலைக் கொடுத்தால் நாள் என்ற வழக்கம் ஓரிடத்தில் நுழைந்தால் அது சிறுநீரகத்தோடு நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை.

என் இரண்டு கேள்விகளிலும் இந்த வழி தோற்கிறது.

வெகுமதி இல்லாமல் கைதிகளை அனுமதிப்பது

சரி, கைதிகள் தானமே செய்யக்கூடாதா? அப்படிச் சொல்வதும் கொடுமை. மகனுக்குச் சிறுநீரகம் தேவை, பொருந்துகிற அப்பா சிறையில் இருக்கிறார் என்றால், கைதி என்ற ஒரே காரணத்துக்காக அவரைத் தடுப்பது மகனையும் சேர்த்துத் தண்டிப்பது. அமெரிக்க மத்தியச் சிறைகளில் நெருங்கிய உறவினருக்குத் தானம் செய்ய அனுமதி உண்டு. இதில் அரசு எதையும் நீட்டுவதில்லை, அறுவை முடிந்ததும் அவர் அதே தண்டனைக்குத் திரும்புகிறார். கொடுப்பதற்கு ஒரே காரணம் அந்தப் பிள்ளைதான்.

ஆனால் 'வெகுமதி இல்லை' என்று காகிதத்தில் எழுதினால் போதாது. கைதியை முன்கூட்டியே விடுவிக்கலாமா என்று முடிவெடுக்கும் பரோல் குழுவின் முன் வரும் கோப்பில் 'தன் சிறுநீரகத்தைத் தானம் செய்தவர்' என்று ஒரு வரி இருந்தால், எந்தச் சட்டமும் இல்லாமலே அது நாள் குறைப்பாகிவிடும். கைதிகளுக்கு இது தெரியாமல் இருக்காது. தானம் பற்றிய பேச்சே பரோல் கோப்பில் வரக்கூடாது, பரோல் விசாரணையில் வழக்கறிஞரும் அதை எழுப்பக்கூடாது என்று விதி வேண்டும்.

இறந்தபின் தானம் செய்யப் பதிவு செய்வது இன்னும் எளிது. 2013-ல் யூட்டா மாநிலம், கைதிகள் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யலாம், சிறையில் இருக்கும்போது இறந்தால் அது நிறைவேற்றப்படும் என்று சட்டம் செய்தது. வெகுமதி இல்லை, எனவே வற்புறுத்தலும் குறைவு. கிடைக்கும் உறுப்புகளும் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் மருத்துவமனையில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கும்போது இறப்பவர்களின் உறுப்புகள்தான் பெரும்பாலும் பயன்படும். எண்ணிக்கைக்காக அல்ல, மனிதராக மதிப்பதற்காக இதை அனுமதிக்கலாம்.

மரண தண்டனைக் கைதிகள் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: கூடாது. 2013-ல் ஒஹையோவில் ஒரு மரண தண்டனைக் கைதி தன் உறுப்புகளைக் கொடுக்க விரும்பியதால் தண்டனை நாளே தள்ளிவைக்கப்பட்டது. விருப்பம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சீனா பல பத்தாண்டுகள் சுட்டும் விஷ ஊசி போட்டும் கொன்ற கைதிகளின் உறுப்புகளைப் பயன்படுத்தியது. 2015 தொடக்கத்திலிருந்து நிறுத்துவதாக அதன் அதிகாரிகள் அறிவித்தார்கள், அது முழுதாக நின்றதா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொல்லும் அரசுக்கு அந்தக் கொலையால் ஒரு பயனும் இருக்கக்கூடாது. ஒரு மருத்துவமனையின் அறுவைப் பட்டியல் தூக்குத் தேதியைப் பார்த்துத் தயாராகும் நிலையை எந்த ஒப்புதல் படிவமும் நியாயப்படுத்தாது.

வெளியே இருப்பவர்களுக்குப் பணம்

சிறைக்கு வெளியே வந்தால் முதல் கேள்வியின் கடுமை குறைகிறது. அரசு அங்கே யாரையும் அடைத்துவைக்கவில்லை. ஆனால் கடன் அடைத்துவைக்கிறது.

ஈரான் 1988 முதல் சிறுநீரகத்துக்குப் பணம் தருவதைச் சட்டப்படி ஒழுங்குபடுத்தி நடத்துகிறது. அரசு ஒரு தொகை தருகிறது, பெறுபவர் தரப்பு பேசி முடித்த இன்னொரு தொகையைத் தருகிறது. வெளிநாட்டவர் வந்து ஈரானியரிடம் வாங்கிப்போக அனுமதி இல்லை. 1999-க்குள் காத்திருப்போர் பட்டியலே இல்லாமல் போய்விட்டது என்று அந்நாட்டு மருத்துவர்கள் எழுதினார்கள். பட்டியலிலேயே ஏறாத ஏழை நோயாளிகள் அந்தக் கணக்கில் இல்லை என்ற விமர்சனமும் உண்டு. எப்படியிருந்தாலும் மற்ற நாடுகளைவிட அங்கே காத்திருப்பு குறைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கொடுப்பவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் ஏழைகள்.

கொடுத்தபின் அவர்களுக்கு என்ன ஆகிறது? ஒழுங்குபடுத்தப்படாத விற்பனை பற்றி 2002-ல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு, சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். சராசரியாகக் கிடைத்தது 1,070 டாலர். பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனுக்காக விற்றவர்களில் பெரும்பாலோர் இன்னும் கடனில்தான் இருந்தார்கள். 86 சதவீதம் பேர் உடல்நிலை மோசமானது என்றார்கள். 79 சதவீதம் பேர் மற்றவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றார்கள். இந்தக் கடைசி எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. என் உடலை விற்க எனக்கு உரிமை இல்லையா என்று வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு, விற்றுப் பார்த்தவர்களே தந்த பதில் அது.

இதைச் சீர்திருத்த நினைக்கும் யோசனை ஒன்று அமெரிக்காவில் 2024-ல் மசோதாவாக வந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்குச் சிறுநீரகம் தருபவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வீதம் 5 ஆண்டு வரிச் சலுகை. ஈரான் முறையைவிட இது யோசித்துச் செய்யப்பட்டது. பணம் உடனே கைக்கு வராததால் நாளை வாசலில் நிற்கப்போகும் கடன்காரருக்காக யாரும் ஓடிவர மாட்டார்கள். பெறுபவர் யார் என்று தெரியாததால் பேரமும் இல்லை, இடைத்தரகரும் இல்லை. என் இரண்டாவது கேள்வி மட்டும் இதில் அப்படியே நிற்கிறது: 50,000 டாலர், மெதுவாக வந்தாலும், நோயை மறைக்க ஒரு காரணம்தான். சிறிய அளவில், கடுமையான மருத்துவப் பரிசோதனையோடும் பல ஆண்டுக் கண்காணிப்போடும் சோதித்துப் பார்க்க நான் எதிர்ப்பாளன் இல்லை. உறுதியான ஆதரவாளனும் இல்லை.

முன்னுரிமை தருவது

இஸ்ரேல் 2008-ல் செய்த சட்டப்படி, தானம் செய்யப் பதிவு செய்தவருக்கும், உறவினரின் உறுப்பைக் கொடுத்த குடும்பத்தினருக்கும், பிற்காலத்தில் தங்களுக்கு உறுப்பு தேவைப்பட்டால் பட்டியலில் முன்னுரிமை கிடைக்கிறது. சிங்கப்பூரில் 1987 சட்டப்படி, தானத்திலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கு முன்னுரிமை குறைகிறது. பணம் கைமாறுவதில்லை, பொய் சொல்லக் காரணமும் இல்லை. ஆரோக்கியமான இளைஞரை மேசையில் படுக்கவைக்கும் அவசரமும் இல்லை, ஏனென்றால் பேச்சு பெரும்பாலும் இறந்தபின் நடக்கும் தானத்தைப் பற்றியது. ஒரே குறை, பதிவு செய்யத் தெரியாமல் போனவர் நோயாளியாகும்போது பின்னுக்குத் தள்ளப்படுவார். தகவல் எல்லோரையும் சென்றடைந்த நாட்டில் இது நல்ல வழி.

நட்டத்தை ஈடு கட்டுவது

இன்று தானம் செய்கிறவர் பல நாடுகளில் தன் கைப்பணத்தை இழக்கிறார். பல வாரம் வேலைக்குப் போக முடியாது, பயணச் செலவு, தங்கும் செலவு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள். அறுவை செய்த மருத்துவர், மருத்துவமனை, மருந்து நிறுவனம் எல்லோருக்கும் பணம் கிடைக்கிற ஓர் ஏற்பாட்டில், உறுப்பைக் கொடுத்தவர் மட்டும் கடனாளியாக வீட்டுக்குப் போகிறார். இதுதான் எனக்கு முதலில் சரிசெய்ய வேண்டிய அநியாயமாகத் தெரிகிறது.

நியூசிலாந்து 2016-ல் சட்டம் செய்து, கொடையாளருக்கு 12 வாரம் வரை முழு வருமானத்தையும் ஈடு கட்டுகிறது. இஸ்ரேலும் இழந்த ஊதியத்தைத் தருகிறது. அமெரிக்காவில் 2020 முதல், குறைந்த வருமானக்காரர்களுக்கு இழந்த ஊதியமும் குழந்தைப் பராமரிப்புச் செலவும் கிடைக்க வழி வந்திருக்கிறது. அந்நாட்டு மத்திய அரசு ஊழியருக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இவை எதுவும் லாபம் அல்ல, யாரும் இதற்காக நோயை மறைக்க மாட்டார்கள். ஏற்கெனவே கொடுக்க விரும்பி, வேலை போய்விடுமே என்று தயங்கி நிற்பவரின் பாதையிலிருந்து ஒரு தடை விலகுகிறது, அவ்வளவுதான்.

இந்த விவாதத்தில் ஸ்பெயினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே யாருக்கும் வெகுமதி இல்லை. 1989-ல் தேசிய அமைப்பு ஒன்றை உருவாக்கி, மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சை அறிந்த மருத்துவர்களையே ஒருங்கிணைப்பாளர்களாக்கி, இறந்தவரின் குடும்பத்தோடு பேசப் பயிற்சி கொடுத்தார்கள். அப்போது பத்து லட்சம் பேருக்குச் சுமார் 14 என்று இருந்த கொடையாளர் எண்ணிக்கை, பின்னர் 40-க்கும் மேல் போனது. சிறைக்குள் உறுப்பு தேடும் மசோதாவை எழுதுவதற்கு முன், தங்கள் மருத்துவமனைகளில் இந்த வேலையைச் செய்துவிட்டார்களா என்று அந்தச் சட்டமன்றங்களைக் கேட்க வேண்டும்.

ஒரு நாடு இன்று முடிவெடுக்க வேண்டியிருந்தால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். கூடவே, உயிரோடு தானம் செய்பவரின் ஊதிய இழப்பை முழுதாகத் தர வேண்டும், பின்னாளில் அவருக்கே சிறுநீரகம் தேவைப்பட்டால் பட்டியலில் முதலிடமும் வேண்டும். அடுத்து, பதிவு செய்தவர்களுக்கு முன்னுரிமை. இவை எல்லாம் செய்தும் போதவில்லை என்றால், வரிச் சலுகை போன்ற மெதுவான வெகுமதியைச் சிறிய அளவில் சோதிக்கலாம்.

சிறைக்குத் தனி விதி. உறவினருக்குக் கொடுக்கலாம், இறந்தபின் கொடுக்கப் பதிவு செய்யலாம், அதற்கு ஒரு நாள்கூடக் குறையாது. ஒப்புதல் வாங்குகிறவர் சிறைத்துறையின் ஊழியராக இருக்கக்கூடாது, மருத்துவமனை நியமித்த, சிறையோடு தொடர்பில்லாத ஒருவராக இருக்க வேண்டும். கடைசி நிமிடம் வரை மனம் மாறலாம், மாறியது சிறை அதிகாரிகளுக்குத் தெரியக்கூடாது. தானம் செய்தபின் வழக்கமான இரண்டாண்டுக் கண்காணிப்பு உள்ளேயும் நடக்க வேண்டும், இடையில் விடுதலையானால் வெளியேயும் தொடர வேண்டும், அதன் செலவை மருத்துவக் காப்பீடு இல்லாத அந்த மனிதர் தலையில் கட்டக்கூடாது. மாசசூசெட்ஸ் மசோதாவிலிருந்து நாள் குறைப்பை எடுத்துவிட்டு இந்த ஐந்தாறு வரிகளைச் சேர்த்திருந்தால் நான் அதற்கு ஆதரவாகவே எழுதியிருப்பேன்.